பம்புசெட் லைனில் மண்பாண்டச் சூளையா?

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பூச்சி, நோய், மானியம் பற்றியவை. திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் ஒரு பெண் விவசாயி.

“எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். நெல்லும் மணிலாவும் போடுகிறோம். வேலை ஓய்ந்த நேரத்தில் சுடுமண் விளக்கு, நகை, சிறிய பூந்தொட்டி செய்து விற்கிறேன். விறகுச் சூளையில் பாதி உடைந்துபோகிறது. அதனால் பழைய கரண்ட் சூளை ஒன்றை 45,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டோம். வீட்டு லைனில் போட்டால் பத்து நிமிடத்தில் ஃபியூஸ் போகிறது. கிணற்றடியில் பம்புசெட்டுக்கு மூன்று ஃபேஸ் இருக்கிறது. அதில் கொடுக்கலாமா?”

கொடுக்கக் கூடாது. அவருக்கு உடனே அனுப்பப்பட்ட பதில் இவ்வளவுதான். ஆனால் 45,000 ரூபாயை இரும்புக் கடைக்குப் போட முடியாது. அந்தச் சூளையை முறைப்படி எரியவைக்க அந்தக் குடும்பத்துக்கு நான்கு மாதம் ஆனது. இடையில் தெரிந்துகொண்டவை, மின் சூளை வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பீங்கான், மண்பாண்டக் கலைக்கூடங்கள் அதிகம். அங்கே ஒருவர் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது, தன் சூளையை விற்றிருக்கிறார். எண்கோண வடிவம், மேலே திறக்கும் மூடி, உள்ளே லேசான வெப்பச் செங்கல், செங்கல்லின் பள்ளங்களில் ஓடும் காயில். குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகை ஓரத்தில் இறக்கினார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடு இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. விலை பேசும்போதே படித்திருக்க வேண்டியது அது.

தகட்டில் இருந்தது இதுதான்: வோல்ட் 240, ஆம்பியர் 36, ஃபேஸ் 1, ஹெர்ட்ஸ் 60.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 240-ஐ 36-ஆல் பெருக்க 8,640 வாட், அதாவது 8.6 கிலோவாட். விவசாயிக்குப் புரியும் கணக்கில் சொன்னால், 10 குதிரைத்திறன் மோட்டார் 7.46 கிலோவாட். இந்தச் சூளை அதைவிடப் பெரியது. அந்த வீட்டின் மின் இணைப்பு அட்டையில் எழுதியிருந்த மின்பளு 2 கிலோவாட். இரண்டு மாடு கட்டும் இடத்தில் யானையைக் கட்டிய கதை.

ஊர் வயர்மேன் ஐ.டி.ஐ. படித்தவர், பொறுமைசாலி. ஃபியூஸ் மூன்றாவது முறை போனபோது அந்தப் பெண் அவரிடம் கேட்டார்.

“அண்ணே, ஃபியூஸ் கட்டையில கொஞ்சம் தடிச்ச கம்பியா போட்டுடுங்களேன். சும்மா சும்மா போவுது.”

“தங்கச்சி, அது போறதாலதான் உன் வீடு நிக்குது. தடிச்ச கம்பி போட்டா ஃபியூஸ் நிக்கும், சுவத்துக்குள்ள ஓடுற ஒயர் எரியும்.”

வீடுகளில் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் எல்லாம் சில நிமிடமோ, அரை மணி நேரமோ ஓடுபவை. சூளை அப்படி அல்ல. எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரம் விடாமல் மின்சாரத்தை இழுக்கும். அதனால் ஒயர், சுவிட்ச், டெர்மினல் ஒவ்வொன்றும் சூடாகிக்கொண்டே போகும். சூளை இழுக்கும் ஆம்பியரைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தாங்கும் ஒயரும் எம்.சி.பி.யும் போடுவது இதனால்தான். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகும் சூளை என்றால், அது 2 அல்லது 2.5 கிலோவாட்டுக்குள் இருக்கும் சிறிய சூளையாகத்தான் இருக்க வேண்டும். சுடுமண் நகை மட்டும் செய்பவர்களுக்கு உண்மையில் அந்த அளவே போதும். பெரிய சூளை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிட்டு, அதற்கு மின் இணைப்பு வாங்குவதில் சூளை விலையின் பாதியைச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபியூஸ் போனதும் வீட்டுக்காரருக்குத் தோன்றியது பம்புசெட் லைன். அண்டை நிலத்துக்காரர் ஒருவரும், “எத்தனை பேரு அதுல மாவு மிஷினே ஓட்டுறான்” என்று தைரியம் கொடுத்திருக்கிறார். அப்படிச் செய்தால் வரும் சிக்கல் ஒன்றல்ல.

விவசாய இணைப்பில் இலவச மின்சாரம், பயிருக்குத் தண்ணீர் இறைக்கத் தரப்படுகிறது. விற்பனைக்கு விளக்கு சுடுவது வேறு உபயோகம். மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 126, அனுமதித்த நோக்கத்துக்கு அல்லாமல் வேறு நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவதை அங்கீகாரமற்ற உபயோகம் என்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் கண்டுபிடித்தால், அந்த உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால், ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம். நீங்கள் நான்கு தடவைதான் சூளை வைத்தீர்கள் என்பதை நிரூபிப்பது உங்கள் பாடு. விவசாய இணைப்புக்காகப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த இணைப்பில் கைவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. நான்கு நூறு விளக்குக்காக அதைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பல இடங்களில் விவசாய மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிறது. காலையில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். சூளைக்கு அது ஒத்துவராது. 600 டிகிரி ஏறும்போது நின்றுபோய், இரவில் வரும்போது 300-க்கு இறங்கியிருக்கும். மறுபடி அதே தூரம் ஏற வேண்டும். மின்சாரம் செலவாகும், பானை வேகாது.

மூன்றாவது சிக்கல்தான் ஆபத்தானது. ஒருமுனைச் சூளையை மும்முனை லைனில் சேர்க்கத் தெரியாதவர், இரண்டு ஃபேஸுக்கு நடுவே கொடுத்துவிடுவார். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். வோல்ட் கூடும்போது வாட் அதே விகிதத்தில் கூடாது, அதன் வர்க்கத்தில் கூடும். 230-க்குப் பதில் 400 கொடுத்தால் மூன்று மடங்கு. 8 கிலோவாட் சூளை 24 கிலோவாட் இழுக்கப் பார்க்கும். எம்.சி.பி. விழுந்தால் பிழைத்தது. விழாவிட்டால் காயில் உருகும், அல்லது ஒயர் தீப்பிடிக்கும்.

இங்கே விவசாயிகள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மோட்டாரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சூளைக்குப் பொருந்தாது. வோல்ட் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும், காயில் எரியும். அதனால்தான் லோ வோல்டேஜ் என்றால் மோட்டாரை நிறுத்துகிறோம். சூளையில் இருப்பது வெறும் வெப்பக் கம்பி. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும். கம்பிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சூளை சோம்பேறியாகிவிடும்.

எவ்வளவு சோம்பேறி? இந்தச் சூளையையே எடுத்துக்கொள்வோம். 240 வோல்ட்டை 36 ஆம்பியரால் வகுத்தால் காயிலின் மின்தடை 6.67 ஓம். நம் ஊர் 230 வோல்ட்டில் அது 34.5 ஆம்பியர் இழுத்து 7.9 கிலோவாட் தரும். மாலை ஆறு மணிக்குத் தெரு முழுக்க விளக்கு எரியும்போது வோல்ட் 200-க்கு இறங்கினால் 30 ஆம்பியர், 6 கிலோவாட்தான். தகட்டில் போட்ட 8.6 கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. 900 டிகிரி வரை எப்படியோ ஏறும். அதற்கு மேல் சூளையின் சுவர் வழியே வெளியேறும் வெப்பமும் காயில் தரும் வெப்பமும் சமமாகி, முள் அதே இடத்தில் நிற்கும். இரவெல்லாம் எரித்தாலும் நகராது. காயில் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு. குற்றம் லைனில் இருந்திருக்கும்.

தகட்டில் 240 என்று இருந்ததால் இந்தக் குடும்பம் தப்பித்தது. வெளிநாட்டுப் பழைய சூளைகளில் 120 வோல்ட் தகடும் உண்டு, 208 வோல்ட் தகடும் உண்டு. 120 வோல்ட் சூளையை 230-இல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் பளு ஏறிச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். 208 வோல்ட் சூளை உடனே கெடாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இழுத்து, காயிலின் ஆயுளைத் தின்னும். தகடே இல்லாத சூளையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், மல்டிமீட்டரோடு ஒரு வயர்மேனை அழைத்துப் போகாமல் வாங்க வேண்டாம்.

60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதே, நம் ஊரில் 50 ஆயிற்றே என்று அந்தப் பெண் பயந்தார். காயிலுக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பழைய சூளைகளில் மின்மோட்டாரில் ஓடும் டைமர் இருந்தால் அது மெதுவாக ஓடும். 60-க்குச் செய்த டைமரில் 10 மணி நேரம் வைத்தால், 50-இல் அது நிறுத்த 12 மணி நேரம் எடுக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் சரக்கு வளைந்துபோகும். டைமரை நம்பாமல் வெப்பமானியைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

வயர்மேன் சூளையின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தபோதுதான் வழி பிறந்தது. உள்ளே காயில் ஒன்றல்ல. மேல், நடு, கீழ் என மூன்று தொகுதிகள், மூன்றும் இணையாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 20 ஓம் இருக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, தொகுதிகளைப் பிரித்து அளந்தார். கீழ்த் தொகுதி 20.6, நடு 21, மேல் 24. எரிந்து எரிந்து கம்பி மெலிந்தால் மின்தடை கூடும். 10 சதவீதம் கூடிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். மேல் தொகுதி 20 சதவீதம் கூடியிருந்தது. அப்படியே விட்டால் சூளையின் மேல் அடுக்கு வேகாமலும் கீழ் அடுக்கு வெந்தும் இருக்கும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் மறுபடி ஏற்றத்தாழ்வு வரும் என்பதால் மூன்றையும் மாற்றினார்கள். விலை பேசும் முன் இந்த அளவை எடுத்திருந்தால், அதைக் காட்டியே சில ஆயிரம் குறைத்திருக்கலாம். கறுத்துக் கருகிய இரண்டு டெர்மினல்களும் அப்போதே மாற்றப்பட்டன. பழைய சூளைகளில் முதலில் சாகும் உறுப்பு காயில் அல்ல, லூஸாகிப் பொறி விடும் டெர்மினல்தான்.

மூன்று தொகுதி இருப்பதால் ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார், டெல்டா தெரிந்திருக்கும். இங்கே ஸ்டார் மட்டும்தான். ஒவ்வொரு தொகுதியின் ஒரு முனை ஒரு ஃபேஸுக்கு, மறு முனைகள் மூன்றும் நியூட்ரலுக்கு. ஒவ்வொரு தொகுதிக்கும் 230 வோல்ட்டே கிடைக்கும். தவறி டெல்டாவில் போட்டால் மேலே சொன்ன 400 வோல்ட் கதைதான். சூளைக்குள் இருக்கும் சுவிட்ச், ரிலே எல்லாம் ஒருமுனைக்கு அமைந்தவை என்பதால் மும்முனை கான்டாக்டர் ஒன்றும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. நியூட்ரல் ஒயரும் ஃபேஸ் ஒயருக்குச் சமமான தடிமனில் இருக்க வேண்டும். நியூட்ரல் அறுந்தால் தொகுதிகளுக்கு இடையே வோல்ட் தாறுமாறாகப் பிரியும்.

இதனால் என்ன லாபம்? ஒரே ஒயரில் 34.5 ஆம்பியர் ஓடிய இடத்தில், இப்போது ஃபேஸுக்கு 11.5 ஆம்பியர். மீட்டரிலிருந்து கொட்டகை 60 மீட்டர் தூரம். ஒருமுனையில் 6 சதுர மி.மீ. தாமிர ஒயர் போட்டால்கூட வழியிலேயே 12 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். மும்முனையில் 4 சதுர மி.மீ. ஒயரில் 3 வோல்ட் சொச்சம்தான் இழப்பு. ஒயர் விலையிலும் மிச்சம், வெப்பத்திலும் மிச்சம். 16 ஆம்பியர் நான்கு முனை எம்.சி.பி. போதுமானதாக இருந்தது.

இணைப்புக்கு அந்தப் பெண் தன் பெயரிலேயே விண்ணப்பித்தார். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலில் “வீட்டு இணைப்பில் பளுவைக் கூட்டிக்கொள்ளுங்கள்” என்றார்கள். விற்பனைக்குச் செய்வது என்று சொன்ன பிறகு, குறுந்தொழிலுக்கான கட்டணப் பிரிவில் தனி மும்முனை இணைப்புக்கு மனு வாங்கினார்கள். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஆசையில் சூளையையும் அதிலேயே ஓட்டினால், இரண்டு சூளைக்கு மேல் அந்த இலவசம் நிற்காது. அதன் பிறகு வீட்டு விளக்குக்கும் மேல் படிக் கட்டணம் ஏறும்.

இடம் மாற்றியதும் முக்கியம். மாட்டுக் கொட்டகை ஓரம், கீற்றுக் கூரை, பக்கத்தில் வைக்கோல்போர். அங்கே 1000 டிகிரியை வைக்கலாமா? சிமென்ட் ஷீட் போட்ட தனி அறைக்குக் கொண்டுபோய், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரும்புக் காலில் நிறுத்தினார்கள். மோட்டார் ரூமில் யூரியா மூட்டையும் பூச்சிமருந்து டப்பாவும் வைத்திருக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்த அறையில் சூளையை வைக்கவே கூடாது. சூளைக்கென்று தனி எர்த்து குழியும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டார்கள்.

அந்த ஆர்.சி.சி.பி. முதல் நாளே விழுந்தது. வயர்மேன் ஊரில் இல்லை. வீட்டுக்காரர் அதைத் தாண்டி நேராக இணைத்துவிடலாமா என்று யோசிக்க, அந்தப் பெண் விடவில்லை.

“என்னங்க, அண்ணன் வரட்டும். ஒரு நாள்ல ஒண்ணும் குடி முழுகிடாது.”

நல்லவேளை. சூளை நான்கு மாதம் மாட்டுக் கொட்டகை ஓரம் சாரல் குடித்திருந்தது. வெப்பச் செங்கல் கடற்பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் இரும்புச் சட்டத்துக்குக் கசிந்தது. தொட்டிருந்தால் ஆள் போயிருப்பார். மூடியைத் திறந்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிட்ட பிறகு ஆர்.சி.சி.பி. விழவில்லை. முதல் சூளையை வெறுமையாகவே, மூடியைச் சற்று தூக்கி வைத்து, மெதுவாக ஏற்றினார்கள். புதிய காயிலின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் படிய இது உதவும்.

அந்தப் படலத்தைக் கெடுக்கும் வேலை ஒன்று உண்டு. கறுப்புப் பானை வேண்டும் என்று விறகுச் சூளையில் உமியும் வறட்டியும் போட்டுப் புகை மூட்டுவது வழக்கம். மின் சூளைக்குள் அதைச் செய்தால் காற்றோட்டம் இல்லாத புகையில் படலம் அரிக்கப்பட்டு, காயில் சீக்கிரம் முறியும். உப்புப் போடுவதும் அப்படித்தான். கறுப்பு நிறம் வேண்டுமானால் அதற்கு விறகுச் சூளையே சரி. தண்ணீர்ப் பானை, சட்டி போன்ற பெரிய சரக்குக்கும் மின் சூளை கட்டுப்படியாகாது. விளக்கு, நகை, மெருகு பூசிய கோப்பை என்று இடம் குறைத்து விலை கூட விற்பவைக்கே அது லாயக்கு.

இரண்டாவது சூளையில் 400 விளக்கு. முதல் இரண்டு மணி நேரம் 100 டிகிரிக்குள் வைத்து ஈரத்தை வெளியேற்றி, பிறகு மெல்ல ஏற்றி, 573 டிகிரியை ஒட்டிய இடத்தில் அவசரப்படாமல் கடந்து, 1000 டிகிரியில் நிறுத்தினார். அந்த வெப்பத்தில் மணலில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும். விரைந்து போனால் விரிசல் விடும். நடுவில் ஒரு முறை 40 நிமிடம் மின்சாரம் போனது. அவர் மூடியைத் திறக்கவில்லை. திறக்காதவரை சரக்குக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏறியது. மீட்டரில் அன்று ஓடியது 44 யூனிட். மறுநாள் மாலை திறந்தபோது மூன்று விளக்குதான் உடைந்திருந்தது.

நான்கு நாள் கழித்துச் சுமார் ஐம்பது விளக்குகளில் வெள்ளைப் பொட்டுகள் தோன்றி, மேல் தோல் காசு காசாகப் பெயர்ந்தது. சூளைக் கோளாறு என்று நினைத்து வயர்மேனைத் தேடினார்கள். இதில் கரண்டுக்குச் சம்பந்தமே இல்லை. வட்டாட்சியர் அனுமதியோடு ஏரியில் எடுத்துவந்த வண்டலில் சுக்கான் கல் இருந்திருக்கிறது. அது 800 டிகிரிக்கு மேல் சுட்ட சுண்ணாம்பாக மாறி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பி, மேலே உள்ள மண்ணைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புத் தன்மை உள்ள நிலத்து வண்டலில் இது சகஜம். மண்ணில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அவர் வண்டலைத் தொட்டியில் கரைத்து, மெல்லிய சல்லடையில் ஊற்றி வடித்த பிறகுதான் மிதிக்கிறார். கார்த்திகை தீபத்துக்கு ஆறு சூளை வைக்க வேண்டும் என்று கணக்கு. மாலையில் வோல்ட் இறங்குவதால் அதிகாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறார்.